ஹார்னஸ் ரேஸ் பார்க்கப் பழகுவது எப்படி? 2020ஆம் ஆண்டுப் பந்தயங்களை வைத்து ஒரு வழிகாட்டி

2020 மார்ச் 22 அன்று ஆஸ்திரேலியாவில் ஏ.எஃப்.எல். கால்பந்துப் போட்டிகள் நிறுத்தப்பட்டன. மறுநாள் ரக்பி லீக்கும் நின்றது. அதே 23ஆம் தேதி நண்பகலில் நாடு முழுக்க மதுக்கூடங்களையும் கிளப்களையும் மூடச் சொன்னார்கள். அவற்றுக்குள் இருந்த டி.ஏ.பி. பந்தயக் கவுன்டர்களும் சேர்ந்தே மூடின. குதிரைகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பார்வையாளர் இல்லை, குதிரையின் சொந்தக்காரருக்கும் அனுமதி இல்லை. தடத்தில் வண்டிகள், மேலே கோபுரத்தில் நடுவர்கள், வீட்டில் கைபேசியோடு மக்கள்.

வேறு விளையாட்டே இல்லாத அந்த வாரங்களில்தான் பலர் முதன்முதலாக ஹார்னஸ் ரேஸை, அதாவது குதிரை வண்டிப் பந்தயத்தைப் பார்த்தார்கள். அவர்களில் நிறையப் பேர் பார்க்கப் பழகுவதற்கு முன்பே பணம் கட்டப் பழகிவிட்டார்கள். அந்த வரிசையை மாற்றிப் போடுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. முதலில் வண்டி எந்த இடத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். அடுத்து நடுவர் அறிக்கையைப் படியுங்கள். விலையை, அதாவது ஜெயித்தால் ஒரு டாலருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை, பார்ப்பது கடைசியில்.

படிப்பதற்கு 2020, 21 பந்தயங்களையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். மாவட்ட எல்லைக்குள் அடைபட்ட குதிரைகள், திரும்பத் திரும்ப மோதிக்கொண்ட அதே ஓட்டுநர்கள், வெளிச்சத்தம் எதுவும் இல்லாத தடம். ஆட்டத்தின் எலும்புக்கூடு அவ்வளவு தெளிவாகத் தெரிந்த காலம் வேறில்லை. ஹார்னஸ் ரேசிங் ஆஸ்திரேலியாவின் இணையதளத்தில் முடிவுகளும் நடுவர் அறிக்கைகளும் இருக்கின்றன; காணொளிகளையும் தேடிப் பார்க்கலாம். ஒரு காசு செலவில்லை.

முதல் படி: என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிண்டியில் பார்த்த குதிரைப் பந்தயத்தை மறந்துவிடுங்கள். இங்கே குதிரை மேல் யாரும் ஏறுவதில்லை. நம்மூர் ரேக்ளாவைப் போல, பின்னால் பூட்டிய இரண்டு சக்கர இலகு வண்டியில் ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார். அந்த வண்டிக்கு சல்கி என்று பெயர். குதிரை ஸ்டாண்டர்ட்பிரெட் என்ற இனம்.

இந்தக் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக் கூடாது. ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து நகர்ந்தால் அது பேசர். குறுக்கும் நெடுக்குமாக, இடது முன்காலும் வலது பின்காலும் சேர்ந்து நகர்ந்தால் டிராட்டர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் பெரும்பாலும் பேசர்கள்தான். அவற்றின் கால்களில் ஹாப்பிள்ஸ் என்ற வார்களை மாட்டியிருப்பார்கள். நடை கலையாமல் இருக்க அது உதவும். நடை கலைந்து பாய்ச்சலுக்குப் போய்விட்டால் ஓட்டுநர் உடனே இழுத்துப் பிடித்துக் குதிரையைப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் பந்தயம் பல மீட்டர் போயிருக்கும். டிராட்டர் பந்தயங்களில் இது அடிக்கடி நடக்கும். பேசருக்குப் பழகிய பிறகு டிராட்டர் பக்கம் போவது நல்லது.

தொடக்கம் பெரும்பாலும் மொபைல் ஸ்டார்ட். இரு பக்கமும் கை நீட்டிய தடுப்புகளோடு ஒரு கார் முன்னால் போகும். குதிரைகள் அதன் பின்னால் வரிசைகட்டி வேகம் எடுக்கும். குறித்த இடத்தில் கார் விலகி ஓடிவிடும். முன்வரிசையில் இடம் போதாதவை இரண்டாம் வரிசையில் வரும். எந்த எண்ணில் நிற்கிறது என்பது பாதி கதை. உள்பக்கத்து எண்கள் பொதுவாக சாதகம். ஆனால் உள்பக்கம் நிற்கும் குதிரைக்கு எடுப்பு இல்லையென்றால், வெளியே இருந்து வேகமாகக் கிளம்பும் ஒன்று குறுக்கே வந்து முன்னிலையைப் பறித்துக்கொள்ளும். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். முதல் 100 மீட்டரில் யாரால் பறக்க முடியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: இடங்களின் பெயர்களை மனப்பாடம் செய்யுங்கள்

இந்த விளையாட்டின் உயிர் இங்கேதான். இதைப் படிக்காமல் மேலே போக வேண்டாம்.

தொடக்க அமளி அடங்கியதும் வண்டிகள் இரண்டு வரிசையாக அமையும். தடத்தின் உள்ஓரத்தில் நட்டிருக்கும் குச்சிகளை ஒட்டி ஒரு வரிசை, அதற்கு வெளியே இன்னொன்று. உள்வரிசையின் முதல் வண்டி லீடர். அதற்கு நேர் பின்னால் இருப்பது லீடர்ஸ் பேக். லீடருக்குப் பக்கத்தில், வெளிவரிசையின் தலையில் ஓடுவதற்கு டெத் சீட் என்றே பெயர். அதற்குப் பின்னால் இருக்கும் இடம் ஒன் அவுட் ஒன் பேக். பேச்சில் ஒன் பை ஒன் என்பார்கள்.

டெத் சீட்டுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் உண்டு. முன்னால் யாரும் இல்லாததால் காற்று முழுக்க அந்தக் குதிரையின் மார்பில் அடிக்கும். வெளியே ஓடுவதால் வளைவுகளில் கூடுதல் தூரமும் போக வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வெளிவரிசை உள்வரிசையிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு முழுச் சுற்றுக்குக் கூடும் தூரம் சுமார் 12.6 மீட்டர். தடம் சின்னதா பெரியதா என்பது இந்தக் கணக்கை மாற்றாது. வட்டத்தின் கணிதம் அப்படி. மாறுவது சுற்றுகளின் எண்ணிக்கை. சிட்னிக்குத் தென்மேற்கே உள்ள மெனாங்கிள் தடம் 1400 மீட்டர். அங்கே 1609 மீட்டர் பந்தயம் சுற்று ஒன்றைக் கொஞ்சம் தாண்டும், கூடுதல் தூரம் சுமார் 14 மீட்டர். மெல்பர்னுக்கு மேற்கே உள்ள மெல்டன் தடம் 1040 மீட்டர். 2240 மீட்டர் பந்தயத்தில் சுமார் 27 மீட்டர். பெர்த்தின் குளோசெஸ்டர் பார்க் 800 மீட்டரை ஒட்டிய சிறு தடம். அங்கே 2130 மீட்டர் ஓடினால் 33 மீட்டர் வரை போகும். கடைசிக் கட்ட வேகத்தில் 14 மீட்டர் என்பது ஒரு விநாடி. மெனாங்கிளில் வெளியே ஓடி ஜெயித்த குதிரையை குளோசெஸ்டர் பார்க்கிலும் அதேபோல ஜெயிக்கும் என்று நம்பக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதும்.

லீடர்ஸ் பேக் சொகுசான இடம். காற்றுத் தடுப்பு உண்டு, தூரமும் குறைவு. ஆனால் முன்னால் லீடர், பக்கத்தில் வெளிவரிசை வண்டிகள் என்று நாற்புறமும் அடைபட்டுக் கிடக்கும் ஆபத்து அதற்கு உண்டு. லீடர் களைத்துப் பின்வாங்கினால் அதோடு சேர்ந்து இதுவும் போய்விடும். இதற்காகவே பல தடங்களில் கடைசி நேர்த்தடத்தில் உள்பக்கம் ஸ்பிரின்ட் லேன் என்ற கூடுதல் பாதை வைத்திருக்கிறார்கள். பின்னால் இருப்பது அதில் நுழைந்து லீடரைத் தாண்டலாம். எல்லாத் தடங்களிலும் அந்தப் பாதை இல்லை. நீங்கள் பார்க்கும் தடத்தில் இருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஒரு விஷயம் லீடர்ஸ் பேக்கின் மதிப்பையே மாற்றிவிடும்.

என்னைக் கேட்டால் நல்ல ஓட்டுநரை அடையாளம் காட்டும் இடம் ஒன் பை ஒன். காற்றுத் தடுப்பும் உண்டு, வெளியே எடுக்க வழியும் உண்டு. ஆனால் யாரும் அதைத் தட்டில் வைத்துக் கொடுப்பதில்லை. டெத் சீட்டுக்கு யார் வருவார் என்று ஊகித்து, அவருக்கு வழிவிட்டு, அவர் முதுகைப் பிடிக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் மூன்றாவது வரிசைக்கு, தடுப்பே இல்லாத வெளிக்காற்றுக்குத் தள்ளப்படுவீர்கள்.

பயிற்சி இதுதான்: ஒரு காணொளியை எடுங்கள். முதல் வளைவு முடிந்ததும் நிறுத்துங்கள். ஒவ்வொரு வண்டியும் எந்த இடத்தில் இருக்கிறது என்று தாளில் எழுதுங்கள். கடைசிச் சுற்றுக்கான மணி அடிக்கும்போது மறுபடி நிறுத்தி எழுதுங்கள். பிறகு முடிவைப் பாருங்கள். சில நாளில் உங்கள் கண் வண்ணச் சட்டைகளை விட்டுவிட்டு இடங்களைப் பார்க்கத் தொடங்கும்.

மூன்றாம் படி: நேரத்தைக் கால்வாசியாகப் பிரித்துப் படியுங்கள்

முடிவுப் பட்டியலில் மைல் ரேட் என்று ஒன்று இருக்கும்: ஒரு மைலுக்கு, அதாவது 1609 மீட்டருக்கு, சராசரியாக எவ்வளவு நேரம் என்பது. புதியவர்கள் அதை மட்டும் பார்த்துவிட்டு 'வேகமான குதிரை' என்று முடிவு கட்டுகிறார்கள். அதற்கு அருகில் இருக்கும் நான்கு எண்களைப் பாருங்கள். கடைசி மைலை நான்கு கால்களாகப் பிரித்த நேரம் அவை.

இரண்டு பந்தயங்களை வைத்துக்கொள்வோம். ஒன்றில் கால்கள் 28.5, 29.5, 29.0, 29.0 விநாடி. மற்றதில் 30.5, 31.0, 27.5, 27.0. இரண்டையும் கூட்டினால் 116 விநாடிதான். கடைசி மைலின் நேரத்தில் துளி வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டும் வேறு வேறு கதைகள். முதலாவதில் லீடர் மூச்சுவிடவே இல்லை. பின்னால் பொறுமையாக இருந்தவர்களுக்கு வாய்ப்பு இருந்தது. இரண்டாவதில் லீடர் நடுவில் நிம்மதியாக இளைப்பாறிவிட்டு, கடைசி அரை மைலை 54.5 விநாடியில் ஓடியிருக்கிறது. அப்போது 15 மீட்டர் பின்னால் இருந்த குதிரை ஜெயிக்க வேண்டுமென்றால் அதைவிட ஒரு விநாடி வேகமாக ஓடியிருக்க வேண்டும். நடக்கிற காரியமா? அந்தக் குதிரை ஆறாவதாக வந்திருந்தால் அதைக் கழித்துக்கட்டாதீர்கள். கடைசி அரை மைலில் அது எவ்வளவு தூரத்தைக் குறைத்தது என்று பாருங்கள்.

இதே கேள்வியை ஓட்டுநர் பக்கமும் திருப்ப வேண்டும். நடுவில் 31 விநாடி ஓட விட்டுக்கொண்டு பின்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தவர் ஏன் வெளியே எடுத்து நெருக்கவில்லை? சில நேரம் குதிரைக்கு அவ்வளவு தெம்பு இல்லை. சில நேரம் ஓட்டுநரின் கணிப்புத் தவறு. இவை இரண்டும் இல்லாத நேரங்களுக்காகத்தான் நடுவர்கள் இருக்கிறார்கள்.

நான்காம் படி: தொற்றுக்காலம் எதை மாற்றியது என்று கவனியுங்கள்

நாடுகள் ஒரே வழியில் போகவில்லை. நியூசிலாந்து 2020 மார்ச் 25 நள்ளிரவை ஒட்டி நான்காம் நிலை ஊரடங்குக்குப் போனது; பந்தயங்கள் அடியோடு நின்று மே மாத இறுதியில்தான் திரும்ப வந்தன. ஆஸ்திரேலிய மாநிலமான டாஸ்மேனியாவும் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஜூன் வரை நிறுத்தியது. விக்டோரியாவும் நியூ சவுத் வேல்ஸும் மாநிலத்தை வட்டாரங்களாகப் பிரித்து, அந்தந்த வட்டாரத்துக் குதிரையும் ஓட்டுநரும் அங்கேயே ஓட வேண்டும் என்று வைத்துத் தொடர்ந்து நடத்தின. ஒரு இடத்தில் நோய் வந்தாலும் மாநிலம் முழுக்கப் பரவி எல்லாம் முடங்கிவிடக் கூடாது என்பது காரணம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்தும் பெரிய தொடரான இன்டர் டொமினியன் அந்த ஆண்டு நடக்கவில்லை. 2021 இறுதியில்தான் நடந்தது.

வட்டார முறையால் ஆட்டம் எப்படி மாறியது என்பது புதியவர்களுக்கு நல்ல பாடம். முதலாவது, பழைய ஓட்டக் குறிப்புகள் பாதி பயனற்றுப்போயின. வெளியூர்த் தடத்தில், வேறு எதிராளிகளோடு ஓடிய எண்களை வைத்து இங்கே எடை போட முடியவில்லை. இரண்டாவது, அதே பத்துப் பன்னிரண்டு ஓட்டுநர்கள் வாரா வாரம் ஒருவரையொருவர் சந்தித்தார்கள். யார் முன்னிலையை விட்டுக்கொடுப்பார், யார் உயிரே போனாலும் விடமாட்டார் என்பது எல்லோருக்கும் அத்துப்படி. விட்டுக்கொடுக்காதவர் உள்பக்கம் இருந்தால் மற்றவர்கள் சண்டைக்கே போகாமல் பின்னால் வரிசை கட்டிவிடுவார்கள். பந்தயம் மந்தமாகி லீடருக்கு சாதகமாகும். ஆகவே ஓட்டுநர்களின் பழக்கத்துக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வாருங்கள். குதிரை மாறும், பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

மூன்றாவதுதான் கொஞ்சம் கவலை தருவது. குதிரைகள் குறையும்போது, ஒரே லாயத்திலிருந்து இரண்டு மூன்று குதிரைகள் ஒரே பந்தயத்தில் ஓடுவது சகஜமாகிவிடும். சட்டப்படி ஒவ்வொன்றும் தன் வெற்றிக்காகத்தான் ஓட வேண்டும். ஒரு குதிரை இன்னொன்றுக்காகப் பாதை திறந்துவிடுவது குற்றம். இதைப் பார்க்க அரங்கில் ஆயிரம் கண்கள் இல்லாதபோது பொறுப்பு முழுக்க நடுவர் கோபுரத்தின் தலையில் விழுகிறது.

ஐந்தாம் படி: நடுவர் அறிக்கையை வாசிக்கப் பழகுங்கள்

ஸ்டூவர்டுகள் என்று அழைக்கப்படும் இந்த நடுவர்கள் பந்தயத்துக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். குதிரையின் ரத்தத்தை எடுத்து மொத்தக் கார்பன் டைஆக்சைடு அளவைப் பார்ப்பது அதில் ஒன்று. சோடா உப்புக் கரைசலைக் குழாய் வழியே வயிற்றில் ஏற்றினால் தசைக் களைப்பு தாமதமாகும் என்பதால் அந்த மோசடி ஒரு காலத்தில் பரவலாக நடந்தது. அனுமதி வரம்பு ஒரு லிட்டர் பிளாஸ்மாவுக்கு 36 மில்லிமோல். ஓட்ட முறையில் பெரிய மாற்றம் செய்யப்போவதாக இருந்தால், பின்னால் இருந்து ஓடிப் பழகிய குதிரையை இன்று முன்னால் விடப்போகிறேன் என்பதுபோல, பல மாநிலங்களில் அதை முன்கூட்டியே நடுவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் பொதுமக்களுக்கு அறிவிப்பார்கள். பணம் கட்டுகிறவர்களில் பலர் இந்த அறிவிப்பைப் பார்ப்பதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இரண்டு விதிகளை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய விதித்தொகுப்பில் 149(1): தன் குதிரை ஜெயிக்கவோ, கிடைக்கக்கூடிய நல்ல இடத்தைப் பெறவோ முழு வாய்ப்புக் கிடைக்கும்படி, நியாயமான, அனுமதிக்கப்பட்ட எல்லா முயற்சிகளையும் ஓட்டுநர் செய்ய வேண்டும். 163(1)(அ): குறுக்கே வெட்டுவது, இடிப்பது, இடையூறு செய்வது கூடாது, அதற்குக் காரணமாகவும் இருக்கக் கூடாது. பெரும்பாலான விசாரணைகள் இந்த இரண்டில் ஏதோ ஒன்றைச் சுற்றித்தான் வரும். சாட்டையை எப்படி, எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதற்கும் தனி விதி உண்டு.

அறிக்கையில் திரும்பத் திரும்ப வரும் சில வாசகங்கள் உண்டு. 'மூன்றாவது வரிசையில் தடுப்பின்றி ஓடியது' என்று இருந்தால், தோற்ற குதிரைக்கு அது ஒரு நியாயமான சாக்கு. 'தெளிவான பாதை கிடைக்கவில்லை' என்றால் குதிரையிடம் தெம்பு மிச்சம் இருந்தும் அடைபட்டுக் கிடந்தது என்று பொருள். அந்தக் காணொளியைக் கட்டாயம் பாருங்கள். 'அதிகம் இழுத்தது' என்றால் தொடக்கத்திலேயே குதிரை கட்டுக்கு அடங்காமல் தெம்பை வீணாக்கியது. 'டயர் காற்றிறங்கியது' என்று கூட வரும். சல்கியின் டயரில் காற்றில்லாமல் ஓடிய குதிரையின் நேரத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. 'மருத்துவப் பரிசோதனையில் குறை எதுவும் தெரியவில்லை' என்பது நல்ல செய்தி போலத் தோன்றும். எனக்கு அது எச்சரிக்கை. உடம்பில் கோளாறு இல்லாமல் ஏன் இவ்வளவு மோசமாக ஓடியது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

எல்லாவற்றிலும் கூர்ந்து படிக்க வேண்டிய வாசகம் 'ஓட்ட முறை குறித்து ஓட்டுநரிடம் கேட்கப்பட்டது, விளக்கம் பதிவு செய்யப்பட்டது' என்பது. குற்றம் சாட்டவில்லை, ஆனால் நடுவர்கள் ஏதோ ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் காணொளியைத் திறந்து, எந்த நொடியில் அந்தக் கேள்வி பிறந்திருக்கும் என்று தேடுங்கள். அந்த விளக்கம் உங்களுக்குச் சரியாகப் படுகிறதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். விளையாட்டைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நடுவர்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. 2011இல் நியூ சவுத் வேல்ஸில் வெடித்த 'கிரீன் லைட்' விவகாரம் இந்த விளையாட்டு மறக்கக் கூடாத ஒன்று: எந்தக் குதிரைக்குப் பரிசோதனை நடக்காது என்பதை உள்ளே இருந்தவர்களே பணத்துக்காக முன்கூட்டிச் சொன்னதாகக் குற்றச்சாட்டு எழுந்து, நீதிமன்றம் வரை போனது. அதனால்தான் விசாரிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. விக்டோரியாவில் 2019 ஆகஸ்டு முதல் சவாரிக் குதிரை, ஹார்னஸ், நாய் ஆகிய மூன்று வகைப் பந்தயங்களுக்கும் தனித் தீர்ப்பாயம் இயங்குகிறது. நியூசிலாந்தில் 2021 ஜூலை முதல் தனி நேர்மைக் காப்பு வாரியம் இருக்கிறது.

கோட்டைத் தாண்டியதோடு பந்தயம் முடிவதில்லை என்பதற்கு சுவீடனில் ஒரு சாட்சி. அங்கே தொற்றுக்காலத்திலும் பார்வையாளர் இல்லாமல் பந்தயங்கள் தொடர்ந்தன. மற்ற நாடுகள் மூடிக் கிடந்ததால் வெளிநாட்டுப் பணமும் அங்கே போனது. ஸ்டாக்ஹோமின் சோல்வல்லா தடத்தில் 2020 மே 31 அன்று நடந்த எலிட்லோப்பெட் என்ற பெரிய டிராட்டர் பந்தயத்தில் புரோபல்ஷன் என்ற டிராட்டர் முதலில் வந்தது. அந்தக் குதிரைக்கு 2015இல் அமெரிக்காவில் கால் நரம்பை வெட்டும் சிகிச்சை நடந்திருந்தது பிற்பாடு வெளியே வந்தது. வலி தெரியாமல் ஓடும் குதிரைக்கு அங்கே அனுமதியில்லை. பட்டம் பறிக்கப்பட்டு, இரண்டாவதாக வந்த மேன்ஆஃப்மெனிமிஷன்ஸ் வெற்றியாளரானது. காலி அரங்கில் கைதட்டலே இல்லாமல் கிடைத்த வெற்றி, கடைசியில் காகிதத்தில் கைமாறியது.

ஆறாம் படி: பணம் எந்த வழியில் ஓடுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இரண்டு வகை உண்டு. டோட் என்பது பொதுக் குவியல்: எல்லோரும் போட்ட பணத்தில் நடத்துபவர் பங்கு போக, மிச்சத்தை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வது. ஃபிக்ஸ்டு ஆட்ஸ் என்பது நீங்கள் பணம் கட்டும் நொடியில் விலை உறுதியாவது. எதிர்ப்பக்கம் நிற்பது, பந்தயப் பணத்தை ஏற்கும் புக்கி நிறுவனம்.

டோட்டில் வார நாள் இரவுப் பந்தயங்களின் குவியல் சின்னது. உதாரணமாக 1000 டாலர் குவியல், நடத்துபவர் பங்கு 15 சதவீதம் என்று வைப்போம். மீதி 850. உங்கள் குதிரை மேல் ஏற்கெனவே 200 டாலர் இருந்தால் டாலருக்கு 4.25 கிடைக்கும். கடைசி நிமிடத்தில் நீங்கள் 50 டாலர் போட்டால்? குவியல் 1050, பங்கு போக 892.50, அதை 250ஆல் வகுத்தால் 3.57. உங்கள் பணமே உங்கள் விலையை உடைத்துவிட்டது. பந்தயம் கிளம்பிய பிறகு திரையில் விலை சரிவதைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் கணக்குதான்.

ஃபிக்ஸ்டு ஆட்ஸில் புக்கியின் பங்கு விலைகளுக்குள் ஒளிந்திருக்கும். ஆறு குதிரைகளின் விலை 2, 4, 6, 8, 10, 15 என்று வைத்துக்கொள்வோம். 100ஐ ஒவ்வொரு விலையாலும் வகுத்துக் கூட்டுங்கள்: 50, 25, 16.7, 12.5, 10, 6.7. மொத்தம் ஏறக்குறைய 121. நூறுக்கு மேலே நிற்கும் அந்த 21தான் உங்களுக்கு எதிராகச் சாய்ந்த தராசு. இந்தக் கூட்டலைச் செய்யாமல் ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள். முன்னணிக் குதிரைப் பந்தயத்தைவிட ஹார்னஸில் இந்தச் சாய்வு அதிகமாக இருப்பதைப் பல நாள் பார்க்கலாம்.

இந்தப் பணம் திரும்பிப் பந்தயத்துக்கும் வருகிறது. ஆஸ்திரேலியாவில் பந்தயப் பட்டியலைப் பயன்படுத்தி வியாபாரம் செய்யும் புக்கி நிறுவனங்கள் அந்தந்த மாநிலப் பந்தய அமைப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டும். 2012இல் உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. மாநில அரசுகளுக்கு வரி தனி. பரிசுத்தொகை, அதை நம்பியிருக்கும் லாயக் கூலி, தீவனம், லாடம் அடிப்பவர் சம்பளம் வரை இந்த ஓட்டத்தில்தான் பிழைக்கிறது. அரங்கு காலியாக இருந்தும் பந்தயத்தை எப்படியாவது நடத்திவிட வேண்டும் என்று விக்டோரியா துடித்ததன் காரணம் இது. நிறுத்திய நியூசிலாந்தில் என்ன ஆயிற்று? 2020 மே மாதம் அரசு 7.25 கோடி நியூசிலாந்து டாலர் உதவித் திட்டத்தை அறிவிக்க வேண்டி வந்தது.

கவுன்டர்கள் மூடியதும் பணம் கைபேசிக்கு மாறியது. கடைகளையும் மதுக்கூடங்களையும் நம்பியிருந்த பந்தய நிறுவனமான டேப்கார்ப் அந்த நிதியாண்டில் 87 கோடி டாலர் நிகர நட்டம் காட்டியது; அது சொத்து மதிப்பைக் குறைத்து எழுதியதால் வந்தது. செயலி வழி புக்கிகளுக்கோ அது அறுவடைக் காலம். ஆஸ்திரேலிய சூதாட்ட ஆய்வு மையம் அப்போது சூதாடுபவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் புதிதாக ஒரு இணையக் கணக்குத் தொடங்கியிருந்தார். வாரத்துக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ ஆடியவர்கள் 23 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். வேலை போய், வீட்டில் அடைபட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு பந்தயம் கைக்குள் வந்துகொண்டே இருந்தால் மனிதன் என்ன செய்வான்? நிறுவனங்கள் இதை அறிந்தே விளம்பரத்தை ஏற்றின என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை மன்னிக்கவும் எனக்கு மனமில்லை.

ஏழாம் படி: வேலியை முதலில் போடுங்கள்

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு அரசின் தடைச் சட்டத்தை எதிர்த்துச் சென்னை குதிரைப் பந்தய கிளப் தரப்பில் போன வழக்கு அது. அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி 'இது சூதே இல்லை' என்று பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. குதிரையை எடை போடுவதில் திறமை இருக்கிறது, உண்மை. மேலே போட்ட 121 கணக்கு அந்தத் திறமையைத் தின்றுவிடும் என்பதும் உண்மை. இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டுத் தளங்களில் பணம் கட்டுவது சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். அங்கிருந்து படிக்கிறவர்கள் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் கணக்குத் தொடங்கினால், முதல் பந்தயத்துக்கு முன்பே வைப்புத் தொகைக்கு வரம்பு போட்டுவிடுங்கள். தோற்ற பிறகு போடும் வரம்பு நிற்காது. 2024 ஜூன் 11 முதல் கடன் அட்டையில் இணையப் பந்தயம் கட்ட முடியாது. கை மீறுகிறது என்று தோன்றினால், 2023 ஆகஸ்டில் தொடங்கிய பெட்ஸ்டாப் பதிவேட்டில் பெயர் கொடுங்கள். உரிமம் பெற்ற எல்லா இணைய, தொலைபேசி நிறுவனங்களும் ஒரே பதிவில் உங்களைத் தடுத்துவிடும். பேச ஆள் வேண்டுமென்றால் 1800 858 858, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம்.

எட்டாம் படி: முதல் மாதம் தாளும் பேனாவும்

ஒரே ஒரு தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்டன் எனக்குப் பிடித்தது. 2240 மீட்டர் பந்தயங்களில் இடத்துக்கான போராட்டம் நன்றாகத் தெரியும். 2020 ஏப்ரல், மே மாதங்களில் விக்டோரியாவின் ஏதாவது ஒரு வட்டாரத்துப் பந்தயங்களை நாளுக்கு இரண்டு வீதம் பாருங்கள். முடிவைப் பார்ப்பதற்கு முன் தொடக்க எண், முதல் வளைவு இடம், மணி அடிக்கும்போது இடம் ஆகியவற்றை எழுதுங்கள். பிறகு நான்கு கால்களின் நேரம். கடைசியாக நடுவர் அறிக்கையைத் திறந்து, அவர்கள் கவனித்ததில் நீங்கள் எதைக் கவனித்தீர்கள், எதை விட்டீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். நீங்கள் கவனித்து அவர்கள் எழுதாமல் விட்டதையும் குறியுங்கள்.

மாத முடிவில் பெரிய பந்தயங்களுக்குப் போகலாம். மெனாங்கிளில் நடக்கும் மிராக்கிள் மைல் பந்தயத்தை கிங் ஆஃப் ஸ்விங் என்ற பேசர் 2020, 2021, 2022 என மூன்று முறை ஜெயித்தது. முதலாவது, ஊரடங்குக்குச் சில வாரங்களுக்கு முன், மார்ச் 7 அன்று நடந்தது. மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டு, தொடக்க எண், முதல் கால்மைல் நேரம், டெத் சீட்டில் யார் என்பதை மூன்று பத்தியாக எழுதிப் பாருங்கள். அந்தத் தாளை முடித்த பிறகு நேரடிப் பந்தயம் ஒன்றைத் திறந்து, விலைப் பட்டியலை மறைத்துவிட்டு, ஒவ்வொரு குதிரைக்கும் நீங்களே ஒரு விலை போடுங்கள். பிறகு புக்கியின் விலையோடு ஒப்பிடுங்கள். எங்கே அதிகம் விலகுகிறதோ அங்கே காரணம் தேடுங்கள். பெரும்பாலும் அது நீங்கள் பார்க்காமல் விட்ட ஒரு நடுவர் அறிக்கையில் இருக்கும்.